வெள்ளிக்கிழமை மேடையில் சொன்னது

பாப்பாரப்பட்டி
5 பிப்ரவரி 2025

மாதவராஜுக்கு,

பத்து நாட்களாகக் கூப்பிடுகிறேன், நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் உன் படமும் காணாமல் போய்விட்டது. என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று மாணவிகள் விளக்கினார்கள். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். உன் ஓசூர் முகவரியை உன் அப்பா ஆண்டியிடம் கேட்டு வாங்கினேன். "எம்பையன் பெரிய ஆபீசராயிட்டானுங்க மேடம், போன் எடுக்க எங்க நேரம்" என்று ஆண்டி என்னிடமே பெருமைப்பட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி பத்தாம் தேதி, பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நம் சமுதாயக் கல்லூரியில் 'அறிவியல் படித்தால் என்ன வேலை' என்று பேச உன்னை அழைத்தேன். பழைய மாணவன் என்பதால் அழைத்தேன். நீ என்ன பேசினாய் என்று நினைவிருக்கிறதா? மருந்துக் கம்பெனியில் அனலிஸ்ட் என்றாய். மாத்திரை வெளியே போகலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுவதே நீதான் என்றாய். ஒரு வருட டிப்ளமோ போதும், ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றாய். அறுபது பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கை தட்டினார்கள்.

அந்த அறுபதில் ஒருத்தி தேவிப்பிரியா. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் செய்யும்போது கடைசித் துளிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தொப்பூரில் லாரி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் பூ வைத்து உறுதி செய்வதாக இருந்தார்கள். உன் பேச்சைக் கேட்ட அன்று சாயங்காலமே அவள் தன் அப்பா பச்சியப்பனிடம் போய், எனக்கு வேலை கிடைக்கும், கல்யாணம் வேண்டாம் என்று கேட்டுவிட்டாள். அவர் அரை மணி நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "பங்குனி முடியறதுக்குள்ள அந்தக் கம்பெனில வேல வாங்கிக் காட்டு. கல்யாணப் பேச்ச நிறுத்திடறேன். வாங்கலீன்னா தொப்பூர் மாப்பிள்ளதான். அப்புறம் மறுபேச்சு பேசக் கூடாது." அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய பயோடேட்டாவையும் இன்னும் மூன்று பேருடையதையும் உன் பெயரைப் போட்டு உன் கம்பெனிக்கு அனுப்பினேன். இந்தப் பெயரில் எங்களிடம் அனலிஸ்ட் யாரும் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வேலை காலி இருப்பதாகவும் அதில் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியில் நீ யார்? அதை மட்டும் எழுது. பங்குனி முடிய அறுபத்தெட்டு நாள் இருக்கிறது.

சசிகலா

*

ஓசூர்
11 பிப்ரவரி 2025

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

போன் எடுக்காததற்கு மன்னிக்கவும். போனில் பேசினால் நீங்கள் கேட்பீர்கள், நான் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லித்தான் இதில் மாட்டிக்கொண்டேன். அதனால் நானும் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதா மேடம்? டிசம்பர் கடைசியில் நீங்கள் கூப்பிட்டபோது என்ன சொன்னேன்? "மேடம், நான் லேப்ல கிளாஸ்வேர் கழுவறேன், கான்ட்ராக்ட்லதான் இருக்கேன், நான் வந்து என்னத்தப் பேசறது" என்று சொன்னேன். அதற்கு நீங்கள், "கழுவறேன்னெல்லாம் சொல்லாதப்பா, புள்ளைங்க மனசு ஒடிஞ்சிரும். லேப்ல இருக்கேன்னு சொல்லு, போதும்" என்றீர்கள். நான் சரிங்க மேடம் என்றேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்வது என்றுதான் வந்தேன். பேருந்தில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். லேபில் பிளாஸ்க், பிப்பெட், பியூரெட் எல்லாம் எங்கள் அறைக்குத்தான் வரும். சோப்புத் தண்ணீர், பிறகு குழாய்த் தண்ணீர், பிறகு சுத்திகரித்த தண்ணீரில் மூன்று முறை. கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஒரே விரிப்பாக வழிந்து இறங்கினால் சுத்தம். நான் சரியாகக் கழுவாவிட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கும் அனலிஸ்டுக்குக் கணக்கு தப்பாக வரும், நல்ல மாத்திரையைக் கெட்டது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

வாசலில் இறங்கினால் பத்தடி பேனர். 'இளம் விஞ்ஞானி மாதவராஜ் அவர்களே வருக வருக.' யார் அடிக்கச் சொன்னது மேடம்? உள்ளே போனால் பொன்னாடை. முதல் வரிசையில் என் அப்பா. அவர் பச்சியப்பன் தோட்டத்தில் முப்பது வருடமாகத் தக்காளி பறிக்கிறவர். பச்சியப்பன் முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னது பச்சியப்பனேதான். "விஞ்ஞானியோட அப்பன் நிக்கலாமா, உக்காரு ஆண்டி" என்று சொன்னது மேடைக்கே கேட்டது.

அதற்குப் பிறகு நான் கழுவுகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? வாயைத் திறந்தேன், அனலிஸ்ட் என்று வந்துவிட்டது. ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வந்தது. கையெழுத்துப் போடுகிறேன் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்ய முடியும்? உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்பாவிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

மாதவராஜ்

*

பாப்பாரப்பட்டி
15 பிப்ரவரி 2025

மாதவராஜ்,

டிசம்பர் பேச்சை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றில்லை என்று இருபது வருடம் பாடம் நடத்திய எனக்குத் தெரியும். உன்னைத் திட்டி எழுதியபோது கை தானாக ஓடியது. 

லேபில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னது நான். கையெழுத்துப் போடச் சொன்னது நான் இல்லை. ஆனாலும் பேனர் நான் அடித்ததுதான். வாசகத்தை பிரிண்டிங் கடைக்காரர் எழுதினார், நான் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் படித்து முடித்த பிள்ளைகள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்பார்கள். போன வருடப் பட்டியலில் உன் பெயருக்கு நேராக 'தரப் பகுப்பாய்வாளர்' என்று எழுதினேன். அப்போது எனக்கு உன் வேலை சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. டிசம்பரில் தெரிந்த பிறகும் திருத்தவில்லை. வேலை கிடைத்தவர்கள் குறைவாக இருந்தால் இந்தப் படிப்பை மூடிவிடுவார்கள். மார்ச் இருபத்தொன்றில் ஆய்வுக்குழு வருகிறது. மூடினால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பனியன் கம்பெனிக்கும் லாரிக்கும்தான் போக வேண்டும். எனக்கும் வேலை போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனவே ஒன்று கேட்கிறேன். உன் அறையிலேயே தேவிப்பிரியாவுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடு. கழுவும் வேலையாக இருக்கட்டும். லேபில் வேலை என்று பச்சியப்பனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யில்லையே. முதலில் பங்குனி தாண்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் ஒரு பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறேன், தப்பா?

அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தினமும் வந்து, "கம்பெனில இருந்து லெட்டர் வந்துச்சுங்களா மேடம்" என்று கேட்கிறாள். வரும் என்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.

சசிகலா

*

ஓசூர்
3 மார்ச் 2025

மேடம்,

பதினைந்து நாளாக உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். சூப்பர்வைசரிடம் கேட்டேன். இப்போதைக்கு ஆள் வேண்டாம் என்றார். இடம் இருந்திருந்தாலும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. தேவிப்பிரியா சனிக்கிழமை இங்கே வந்துவிட்டாள்.

வீட்டில் சனிக்கிழமைப் பயிற்சி என்று சொல்லிவிட்டு, தர்மபுரி போய், கிருஷ்ணகிரி பஸ் பிடித்து, தனியாக வந்திருக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு கேட்டுக்கு வெளியே வந்தேன். டீக்கடை ஓரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பச்சைச் சட்டை, முதுகில் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயர் பெரிதாக இருக்கும். அனலிஸ்டுகள் வெள்ளைக் கோட்டோடு அதே கேட்டில் வந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றுமே கேட்காமல் விட்டிருந்தால்கூட எல்லாம் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டாள்.

"அண்ணா, நீங்க எந்த மிஷின்ல இருக்கீங்க?"

சொன்னேன் மேடம். முதல் முறையாக ஓர் ஆளிடம் முழுசாகச் சொன்னேன். நீங்கள் டிசம்பரில் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவள் கேட்டாள்.

அழவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கழுவுற ரூமிலிருந்து உள்ளே போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு அக்கா, அவர் பி.எஸ்சி. முடித்திருந்தார் என்றேன். அதை எழுதிக்கொண்டாள். டிப்ளமோ மட்டும் இருந்தால் என்றாள். பச்சைச் சட்டைதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"எங்கப்பாகிட்ட ஒரு தடவதாண்ணா கேக்க முடியும். கேட்டா நெசமாலுமே யோசிப்பாரு. குடுத்துட்டா மாத்த மாட்டாரு. நீங்க பேசுனத நம்பி, மூணு மாசத்துல வேலன்னு கேட்டுட்டேன். இதான் நெலமன்னு தெரிஞ்சிருந்தா மூணு வருசம் டிகிரி படிக்கறேன்னு கேட்டிருப்பேன். குடுத்திருப்பாரு. என்னோட அந்த ஒரு தடவைய நீங்களும் மேடமும் செலவு பண்ணிட்டீங்க."

டீக்குக் காசு அவளே கொடுத்தாள், என்னைக் கொடுக்க விடவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

இனிமேல் அவளுக்கு லேபில் வேலை, கீபில் வேலை என்று எந்தக் கதையும் கட்டாதீர்கள் மேடம். எல்லாம் அவளுக்குத் தெரியும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

மாதவராஜ்

*

பாப்பாரப்பட்டி
9 மார்ச் 2025

மாதவராஜ்,

திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். என்னிடம் லெட்டர் வந்ததா என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பியூரெட்டைக் கழுவி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

இன்று காலை பச்சியப்பன் வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு முறை வண்டியைத் திருப்பிவிடலாமா என்று நிறுத்தினேன். தக்காளிப் பெட்டிகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையன் அனலிஸ்ட் இல்லை, அங்கே வேலை காலி இல்லை, எனக்கும் இது தெரியும், உங்கள் பெண் பேரில் தப்பே இல்லை, அவளுக்குக் கொடுத்த கெடுவை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் எத வெச்சு வார்த்த குடுத்தேன்? உங்க மேடைல கேட்டத வெச்சுக் குடுத்தேன். நூறு பேரு முன்னாடி சொன்ன பேச்ச, என் வூட்டு வாசல்ல வந்து தனியா இல்லீன்னு சொன்னா எப்டிங்க? சபைல சொன்னத சபைலதான் திருப்பி எடுக்கோணும். அதே எடத்துல, அதே ஆளு, அதே சனத்த வெச்சுச் சொல்லட்டும். அப்ப அதை நம்பி நான் குடுத்த வார்த்தயும் செல்லாதுன்னு ஆயிரும். எம்பொண்ணு புதுசா கேக்கலாம். அதுவரைக்கும் பங்குனின்னா பங்குனிதான்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஆண்டியும் வரோணும். அன்னைக்கு நாந்தான் அவன உக்கார வெச்சேன்."

அது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பெற்றவர்கள் எல்லாரும் திரும்ப ஒன்றுகூடும் நாள் ஒன்றுதான் இருக்கிறது. மார்ச் 21, வெள்ளிக்கிழமை, சான்றிதழ் கொடுக்கும் நாள். ஆய்வுக்குழுவும் அன்றைக்குத்தான் வருகிறது. நீ மேடையில் உண்மையைச் சொன்னால் என் பட்டியல் அவர்கள் கண்ணெதிரே பொய்யாகும். ஆகட்டும். அவர்கள் கேட்பதற்கு முன்பு நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

வருகிறாயா?

சசிகலா

*

ஓசூர்
13 மார்ச் 2025

மேடம்,

வர மாட்டேன்.

நான் சொன்ன பொய்யை நான் எடுக்கத் தயார். நூறு பேர் என்ன, ஆயிரம் பேர் முன்னால் எடுக்கிறேன். பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை. ஆனால் என் அப்பா எதற்கு? அவர் மேடையில் ஏறினாரா? ஒரு வார்த்தை பேசினாரா? பச்சியப்பன் வாயால் உட்கார வைத்தார், இப்போது அதே வாயால் எழுப்பிவிடப் பார்க்கிறார். உங்களுக்கு இது புரியாது மேடம். நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி போடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அப்பா எங்கள் தெருவில் நடக்கும் நடையே மாறிவிட்டது. அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். டீக்கடையில் அவருக்குப் பேப்பரைக் கொடுத்து, உன் மகன் கம்பெனி பற்றி ஏதாவது வந்திருக்கிறதா பார் என்கிறார்களாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்டு பார்ப்பாராம். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நூறு பேர் முன்னால் இதைக் கேட்க வைக்க என்னால் முடியாது.

தேவிப்பிரியாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டது கண்ணிலேயே நிற்கிறது. வேறு எது சொன்னாலும் செய்கிறேன். பச்சியப்பன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், தனியாக. இது மட்டும் முடியாது.

மாதவராஜ்

*

பாப்பாரப்பட்டி
17 மார்ச் 2025

மாதவராஜ்,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், புதன்கிழமை கிடைத்துவிடும். பதில் எழுத நேரமில்லை, எழுத வேண்டாம்.

நாற்காலி பற்றி நீ எழுதியது சரி. நான் அதை யோசித்ததே இல்லை. நேற்று திரும்பவும் பச்சியப்பனிடம் போனேன். பொய் சொன்னது மகன், அதற்கு அப்பனை ஏன் நிறுத்துகிறீர்கள், நீங்கள் உட்கார வைத்ததுதான் உங்களுக்கு உறுத்துகிறதா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. சாய்ந்து கிடந்த ஒரு தக்காளிச் செடியை நிமிர்த்திக் கட்டினார். அப்புறம், "சரி, ஆண்டி வேண்டாம். பையன் வரட்டும்" என்றார். அதற்கு மேல் ஒரு அடிகூட இறங்க மாட்டார். நான் உனக்குப் பதிலாகச் சொன்னாலும் அவரிடம் செல்லாது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தொப்பூர்க்காரர்கள் மண்டபம் விசாரிக்கிறார்களாம். தேவிப்பிரியா இரண்டு நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. பேனர் கிடையாது, பொன்னாடை கிடையாது. உன்னை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்று நீயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவா. அதை மட்டும் படிக்கிறேன்.

நீ வராவிட்டால் நான் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வா.

சசிகலா

*

ஓசூர்
24 மார்ச் 2025

மேடம்,

வெள்ளிக்கிழமை பாதியிலேயே ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பேசி முடித்ததும் அப்பா எழுந்து வெளியே போனதை நீங்களும் பார்த்தீர்கள். அவர் பின்னாலேயே போய்விட்டேன். உள்ளே அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே ஊருக்கு வந்து அவரிடம் சொல்லிவிட்டேன். மேடையில் கேட்பதைவிட என் வாயால் முதலில் கேட்கட்டும் என்று தோன்றியது. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். நீங்க வர வேண்டாம்ப்பா, பச்சியப்பனே வேண்டாம்னு சொல்லிட்டாரு என்றேன். அதற்கும் "ம்" என்றார். காலையில் பார்த்தால் எனக்கு முன்பே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், அதே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். அங்கே நின்றதும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன கழுவுவ?"

"எண்ணூறு இருக்கும்ப்பா."

"ஒடைப்பியா?"

"இதுவரைக்கும் ரெண்டுதான்."

"ரெண்டு வருசத்துலயா? பரவால்ல." பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கீழ உக்காந்துகூடக் கேட்டிருப்பேன்டா. கேட்டிருக்க மாட்டனா?" என்றார்.

 பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு அவர் பச்சியப்பன் தோட்டத்துக்கு வேலைக்குப் போகவில்லையாம். இனிமேல் போகிறதாக இல்லை என்று அம்மா சொன்னாள். கோபமா என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை, வேறு தோட்டம் பார்த்துவிட்டார் என்றாள்.

தேவிப்பிரியா கேட்டாளா மேடம்? அதை மட்டும் எழுதுங்கள்.

மாதவராஜ்

*

பாப்பாரப்பட்டி
19 மே 2025

மாதவராஜ்,

இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம், எழுத ஒரு பதிலும் இல்லாததுதான். நீயும் கூப்பிடவில்லை. பயந்திருப்பாய் என்று தெரியும். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு நீ போன பிறகு ஹாலில் யாரும் கை தட்டவில்லை. ஆய்வுக்குழு அதிகாரி என்னைப் பார்த்தார். பட்டியலை எடுத்து, எல்லார் முன்னாலும் உன் பெயருக்கு நேராக நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'கண்ணாடிக் கலங்கள் கழுவுபவர், ஒப்பந்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இந்த வேலைக்கு எதுக்கும்மா ஒரு வருசப் படிப்பு" என்று கேட்டார். உன் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்றேன். அது எனக்கு நல்லதாக முடியவில்லை. இந்த வருடம் புதிய சேர்க்கை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. ஜூனுக்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். அடுத்த நாள் சனிக்கிழமைப் பயிற்சியில் பதினெட்டுப் பேர் வெளிச்சத்துக்கு நேராக பிளாஸ்க்கைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் முத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்த எதையும் அவர்கள் அவ்வளவு கவனமாகச் செய்து பார்த்ததில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பச்சியப்பன் எழுந்து நின்று, "என் வார்த்தைய நான் எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னார். உடனே கடைசி வரிசையில் தேவிப்பிரியா எழுந்தாள். அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. "மூணு வருசம் டிகிரி படிக்கறேம்ப்பா. அதுக்கப்புறம் நீங்க சொல்ற வேலைக்குப் போறேன், கல்யாணம்னாலும் சரி" என்றாள். அவர் பதிலே சொல்லவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பங்குனி முடிந்தது. சித்திரையும் போனது. நடுவில் தொப்பூர்க்காரர்கள் தட்டோடு வந்தார்கள் என்றும், "பொண்ணு ஒண்ணு கேட்டிருக்குது, அதுக்குப் பதில் சொல்லாம நான் பூ வெக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார் என்றும் கேள்விப்பட்டேன். ஆனால் அவளுக்கும் பதில் சொல்லவில்லை. அவள் தினமும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், ஒரு நாளும் திரும்பக் கேட்கவில்லை. அந்த வீட்டு வழக்கம் அதுதான் போலிருக்கிறது.

இன்று காலை இரண்டு பேரும் கல்லூரிக்கு வந்தார்கள். காரிமங்கலம் மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர விண்ணப்பிக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் தாளில் எழுதிக்கொள்ளும் படிவம் என்னிடம் இருந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பழக்கத்தில் பேனாவின் மூடியைக் கழற்றி, உட்காரும்மா, பேர் சொல்லு என்று ஆரம்பித்தேன்.

பச்சியப்பன் மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க எழுத வேண்டாங்க மேடம். அவளே எழுதட்டும்."

 படிவத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பேனாவையும் நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடமே ஒரு பேனா இருந்தது.

சசிகலா